ஈரக் கையும் டவர் பெட்டியும்

சித்திரையில் மாங்காய் ஊறுகாய் போடும் வீடுகளில் ஜாடிக்கென்று ஒரு சட்டம் உண்டு. வெயிலில் காயவைத்த பீங்கான் ஜாடி, ஈரம் படாத மரக்கரண்டி, வாயில் வெள்ளைத் துணியால் கட்டிய வேடு. யார் கிட்டே போனாலும் "கையைத் தொடைச்சியா?" என்ற கேள்வி வந்துவிடும். ஈரக் கரண்டியை ஒருமுறை விட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. ருசியிலும் மாற்றம் தெரியாது. சில வாரம் கழித்துத் துணியை அவிழ்த்தால் மேலே வெள்ளையாய்ப் பூசணம் பூத்திருக்கும். எந்த நாள், எந்தப் பந்தியில், யார் கையிலிருந்து போன ஈரம் என்று அப்போது எவராலும் சொல்ல முடியாது.

செல்போன் டவரின் உச்சியில், ஆன்டெனாவின் அடியில் மாட்டப்படும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இதே சட்டம்தான். அங்கே ஈரத்தின் வேலையைச் செய்வது நிலைமின்சாரம். டவர் வேலைக்காரர்கள் மொழியில் 'ஸ்டாட்டிக்'.

அந்தப் பெட்டி எதற்கு என்பதைக் கல்வராயன் மலையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்கு மேல் வளைந்து வளைந்து வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேட்டில், அடுத்தது பள்ளத்தில், இன்னொன்று முகட்டுக்கு அந்தப் பக்கம். சமவெளியில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் டவர் வைப்பவருக்குத் தூரம் மட்டும்தான் கவலை. இங்கே உயரமும் கணக்கில் வரும்.

ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதில்லை. பக்கவாட்டில் அகலமாகவும் மேல் கீழாக ஒடுக்கமாகவும் போகும். மேல் கீழ் அகலம் பல ஆன்டெனாக்களில் 7 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான். முகட்டில் 40 மீட்டர் டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, முகட்டைவிட 200 மீட்டர் தாழ்வில் ஓர் ஊர். ஆன்டெனாவிலிருந்து பார்த்தால் அந்த ஊர் கிட்டத்தட்ட 7 டிகிரி கீழே இருக்கிறது. ஆன்டெனாவை 2 டிகிரி மட்டும் சாய்த்திருந்தால் அலையின் நடுப்பகுதி அந்த ஊருக்கு 170 மீட்டர் மேலாகத் தாண்டிப் போய்விடும். டவர் கண்ணுக்குத் தெரியும், போனில் கோடு நிற்காது. மலையில் இதைக் கேட்காத ஊர் குறைவு.

பழைய முறையில் ஆள் ஏறி, ஆன்டெனாவின் தாங்கியைத் தளர்த்தி, கையால் சாய்த்து முடுக்கிவிட்டு இறங்குவார். இப்போது ஆன்டெனா அசையாமலே இருக்கும். உள்ளே அலை போகும் வழிகளின் நீளத்தை ஒரு சின்ன மோட்டார் கூட்டிக் குறைக்கும். அதனால் அலை கிளம்பும் கோணம் மாறும். இந்த மோட்டாரையும் அதை ஆட்டுவிக்கும் மின்னணு அட்டையையும் கொண்டதுதான் நம் பெட்டி. கீழே அறையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து எட்டு முனைக் கேபிள் ஒன்று மேலே போகிறது. அதிலேயே 10 முதல் 30 வோல்ட் நேர்மின்சாரமும் போகும், கட்டளையும் போகும். கட்டளையின் வேகம் நொடிக்கு வெறும் 9,600 பிட். சாய்வை மாற்ற அதற்கு மேல் தேவையில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் 19 எழுத்துவரை நீளும் தனி அடையாள எண் உண்டு. ஒரே கேபிளில் வரிசையாக மூன்று பெட்டிகளைக் கோத்தாலும் கட்டளை எதற்கு என்று குழப்பம் வராமலிருப்பது அதனால்தான்.

கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று பேசப்படும்போது செல்போன் சிக்னலும் அந்த வரிசையில் வைக்க வேண்டியதே. 108-ஐ அழைக்கவும், ரேஷன் கடையில் கைரேகை வைக்கவும், வங்கியின் ஓடிபி வரவும் அது வேண்டும். நாடு முழுவதும் சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக, 26,316 கோடி ரூபாயில் பிஎஸ்என்எல் செய்யும் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கோடிகள் அங்கே நிற்கட்டும். ஒரு டவர் ஒழுங்காக வேலை செய்வது, பெட்டியை உறையிலிருந்து எடுக்கும் கை எப்படிப்பட்டது என்பதிலும் இருக்கிறது.

சரி, ஸ்டாட்டிக் எங்கிருந்து வருகிறது?

இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரிந்தால் ஒன்றின் எலக்ட்ரான்கள் கொஞ்சம் மற்றொன்றிடம் போய்விடுகின்றன. உரசினால் இன்னும் அதிகம். உலோகத்தில் அவை ஓடிக் கலைந்துவிடும். பாலியஸ்டர் சட்டை, ரெக்சின் சீட்டு, பாலிதீன் பை, தெர்மோகோல் இவற்றில் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே போதும், உடம்பில் மின்னூட்டம் ஏறிவிடும். மனித உடம்பு அதைச் சேர்த்துவைக்கும். அதன் கொள்திறனை ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று எடுத்துக்கொண்டுதான் சோதனைக் கூடங்களில் கணக்குப் போடுகிறார்கள்.

கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுருக்கென்று ஒன்று அடிக்கிறதே, அதை நாம் உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் தோலுக்குத் தெரியாது. ஆனால் சில்லுகளுக்கு உள்ளே இருக்கும் காப்புப் படலம் நானோமீட்டர் கணக்கில் மெல்லியது. அந்தப் படலம் ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட்டைத்தான் தாங்கும். மின்னணு உதிரிகளைக் கையாள்வதற்கான ஐஇசி 61340-5-1 என்ற உலகத் தரநிலை, 100 வோல்ட் அளவிலேயே பழுதாகக்கூடியவற்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 100-க்கும் 3,000-க்கும் நடுவில் உள்ளது முப்பது மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியில் நிற்கும்போது நம் கைக்கு ஒன்றும் தெரியாது, அட்டைக்கு அடி விழுந்திருக்கும். "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கலையே" என்று சொல்பவர், "கரண்டி காஞ்சமாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லும் பிள்ளைதான்.

அடி விழுந்ததும் பெட்டி செத்துவிட்டால் நல்லது என்றுகூடச் சொல்வேன். கீழேயே தெரிந்துவிடும், வேறொன்றை எடுத்துப்போகலாம். பயப்பட வேண்டியது பூசணம் பூக்கும் வகை. காப்புப் படலத்தில் ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு காயம். அன்றைய சோதனையில் எல்லாம் சரியாக வரும். மோட்டார் ஓடும், சாய்வு மாறும், கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பார்கள். பிறகு பல மாத வெயிலும் பனியும் அந்தக் காயத்தைப் பெரிதாக்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் கட்டளைக்குப் பதில் வராது. அப்போது குற்றம் மழையின் மேல் போகும், இடியின் மேல் போகும், தயாரித்த கம்பெனியின் மேல் போகும். எட்டு மாதத்துக்கு முன்பு யாரோ பெட்டியை உறையிலிருந்து உருவிய அந்த அரை நிமிடம் யார் நினைவிலும் இருக்காது.

ஜாடிக்கும் பெட்டிக்கும் நேர் எதிராக இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஊறுகாய்க்குப் பகை ஈரம். இங்கே பகை வறட்சி. காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, மின்னூட்டம் அதன் வழியே மெல்லக் கசிந்துவிடும். கம்பளத்தில் நடப்பவரின் உடம்பில் ஈரக் காற்றில் 1,500 வோல்ட் ஏறினால், வறண்ட காற்றில் 35,000 வரை ஏறலாம் என்பது இத்துறையில் வழக்கமாகக் காட்டும் கணக்கு. மார்கழி மூடுபனியில் மலைமேல் வேலை செய்பவருக்கு இயற்கையே பாதி உதவி செய்கிறது. மாசி, பங்குனியின் நடுப்பகலில் அந்த உதவி கிடையாது. ஏசி ஓடும் கருவி அறைக்குள்ளும் கிடையாது. மூடுபனியை நம்பி யாரும் கைப்பட்டையைக் கழற்றக் கூடாது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பனி போய்விடும், பழக்கம் மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

கைப்பட்டை என்றேனே, அது மணிக்கட்டில் தோலோடு ஒட்டிக் கட்டும் ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு கம்பி எர்த்துக்குப் போகும். நடுவில் 10 லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம் தடை இருக்கும். தடை எதற்கு என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தடை இருந்தாலும் உடம்பின் மின்னூட்டம் பத்தாயிரத்தில் சில பங்கு நொடியில் இறங்கிவிடும், அதில் குறையில்லை. ஆனால் தவறிப்போய் 230 வோல்ட் கம்பியில் கை பட்டால், அந்தத் தடை பட்டை வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கால் மில்லிஆம்பியருக்குள் பிடித்துவைக்கும். பட்டை கிடைக்கவில்லை என்று வெறும் செப்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். அது அட்டையைக் காப்பாற்றும், ஆளைக் கொன்றுவிடும். பட்டை கட்டியிருந்தாலும் உயர் மின்னழுத்தம் ஓடும் இடத்தில் கை வைக்கக் கூடாது.

டவரில் கட்டும்போது கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதும் கவனிக்க வேண்டியது. பெயின்ட் அடித்த கோணச் சட்டத்தில் மாட்டினால் பெயின்டே காப்பாகிவிடும். துத்தநாகம் பூசிய வெறும் இரும்பு, அல்லது எர்த் பட்டையின் போல்ட், இவற்றில் மாட்ட வேண்டும்.

இனி உறை. பெட்டியும் அட்டையும் வெள்ளிபோல் மினுங்கும் பையில் வரும். அந்தப் பைதான் ஜாடி. உள்ளே உலோகப் படலம் இருப்பதால் வெளியே எவ்வளவு மின்புலம் இருந்தாலும் உள்ளே எட்டாது, வாய் மூடியிருக்கும்வரை. ரோஜா நிறத்தில் வரும் இன்னொரு பை தானாக மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்து மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. இன்னொரு வழக்கமும் பார்க்கலாம்: அட்டையை எடுத்து, காலிப் பையை விரித்து, அதன் மேலேயே அட்டையை வைப்பது. ஜாடியின் வெளிப்புறத்தில் ஊறுகாயைப் பரப்பி வைப்பதற்கு அது சமம். பை காப்பது உள்ளே இருப்பதைத்தான்.

பெட்டியைக் கச்சிராயபாளையத்திலிருந்து மேலே கொண்டுபோகும் ஜீப்பிலோ பைக்கிலோ உறையைப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை. "சாமான் சரியா இருக்கா பாத்துக்கறேன்" என்று கடைவாசலில் பிரிப்பவர்தான் பந்திக்கு நடுவில் வேட்டுத் துணியை அவிழ்ப்பவர். அடையாள எண் உறைக்கு வெளியிலும் ஒட்டியிருக்கும், அதைப் படித்தால் போதும். டவர் அடியில் போய், நிழலில், எர்த் செய்த விரிப்பின் மேல், பட்டை கட்டிய கையோடு பிரிக்க வேண்டும். தெர்மோகோல், பபிள் ஷீட், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை எல்லாம் ஒரு முழத்துக்கு அப்பால். தொடாமலே கெடுக்கும் வழியும் இருப்பதால் இதை வற்புறுத்துகிறேன். மின்னூட்டம் ஏறிய தெர்மோகோல் பக்கத்தில் இருந்தால் அட்டையில் மின்னூட்டம் இடம் மாறி நிற்கும். அந்த நேரம் அட்டையின் ஒரு முனை உலோகத்தில் பட்டால் நொடியைவிட மிகக் குறைந்த நேரத்தில் பாய்ச்சல் நடந்துவிடும். அட்டையை ஓரத்தில் பிடிக்க வேண்டும். கேபிள் முனையின் ஊசிகளை விரலால் தொடவே கூடாது. முனை மூடியைக் கேபிள் மாட்டும் நொடிவரை கழற்றக் கூடாது.

மூடிய பெட்டியின் வெளி இணைப்பில் தயாரிப்பாளர் ஓரளவு பாதுகாப்பு வைத்திருப்பார். ஆகவே மேலே மாட்டும் பெட்டி, திறக்காதவரை, கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். கீழே அறையில் மாட்டும் திறந்த அட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. மலைமேல் பெட்டியைத் திறந்து பழுது பார்க்கிறேன் என்று உட்காருவது என்னைக் கேட்டால் தடை செய்ய வேண்டிய காரியம். மாற்றுப் பெட்டி கொண்டுபோங்கள், பழையதை வெள்ளிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கெட்டுப்போனதுதானே என்று பழையதைக் கோணியில் போட்டால், எதனால் கெட்டது என்பதை ஆய்வுக்கூடமும் கண்டுபிடிக்க முடியாது.

ஏறுவதற்கு முன்பே கீழே செய்து முடிக்க வேண்டியவை நிறைய. கேபிளில் மாட்டி, பெட்டி பதில் சொல்கிறதா பார்த்து, எந்த ஆன்டெனாவுக்கு உரியதோ அதன் கோப்பை ஏற்றி, அடையாள எண்ணையும் எந்தப் பக்கம் பார்க்கும் ஆன்டெனா என்பதையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மேலே மாட்டிய பிறகு எண்ணைப் படிக்க முடியாது. எண்கள் மாறிப்போனால் வெள்ளிமலைப் பக்கம் சாய்க்கப் போட்ட கட்டளை சேராப்பட்டுப் பக்கத்தைச் சாய்த்துவிடும்.

பிறகு கேபிள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாற்பது மீட்டர் கேபிளை டவரோடு உரசி மேலே இழுக்கும்போது அதிலும் மின்னூட்டம் ஏறுகிறது. தூசிக் காற்று வீசினால் இன்னும் ஏறும். அதை அப்படியே பெட்டியில் செருகினால் சேர்ந்தது முழுக்க ஊசிகள் வழியே உள்ளே பாயும். அதனால் மேல்முனையைச் செருகுவதற்கு முன், கீழ்முனை எதிலும் மாட்டாமல் இருக்கும்போதே, கேபிளின் உலோக உறையையும் உள்கம்பிகளையும் எர்த்தில் தொட்டு இறக்கிவிட வேண்டும். வரிசை இதுதான்: முதலில் பெட்டியின் எர்த் கம்பி, அடுத்து கேபிள், கடைசியில் கீழே மின்சாரம். கழற்றும்போது தலைகீழ். மின்சாரம் இருக்கும்போதே செருகி உருவுவது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். அந்த மிச்சத்தை இன்னொரு நாள் இன்னொரு ஏற்றமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

இத்தனையும் போய் முடியும் எர்த், மலையில் தனிப் பாடு. சமவெளியில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். கல்வராயனில் கொஞ்சம் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. பாறை மின்சாரத்தை எளிதில் வாங்காது. ஆழம் போக முடியாத இடத்தில் அகலம்தான் வழி. டவரைச் சுற்றி வளையமாகவும், மண் ஈரம் நிற்கும் பக்கமாக நீளமாகவும் உலோகப் பட்டையைப் புதைக்க வேண்டும். பென்டோனைட் களிமண் போட்டால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மின்னல் காப்புக்கான ஐஇசி 62305 தரநிலை, முடிந்தவரை 10 ஓமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது. அளவு எடுப்பதை மழைக்காலத்தில் செய்து திருப்திப்பட வேண்டாம். பங்குனியில் எடுங்கள், உண்மை தெரியும். கைப்பட்டைக்கு 10 ஓம் என்ன, ஆயிரம் ஓம் இருந்தாலும் போதும். 10 ஓம் கேட்பது இடிக்காக. முகட்டில் நிற்கும் இரும்புக்கு இடி விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். பெட்டி, கேபிள் உறை, டவர், அறையின் கருவிகள் எல்லாம் ஒரே எர்த்தில் பிணைந்திருந்தால்தான் இடி இறங்கும்போது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் குறையும்.

மாட்டி முடித்த பிறகு உண்மையான ஈரமும் பகையாகிறது. இணைப்பு முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். கேபிள் முனைக்குக் கீழே கொஞ்சம் தொங்கிப் பிறகு மேலே வர வேண்டும், நீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகட்டும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். சில பெட்டிகளின் அடியில் மூச்சுத் துளை இருக்கும். பாதுகாப்பு என்று அதையும் சேர்த்து டேப் சுற்றினால் உள்ளே வியர்த்துவிடும்.

ஆளின் பாதுகாப்பு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது. இரட்டைக் கொக்கிப் பெல்ட் இல்லாமல் ஏறக் கூடாது. மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று ஏறுமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆன்டெனாவின் முன்னால் வேலை என்றால் அந்தப் பக்கத்து ஒலிபரப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். டவர் கதிர்வீச்சுக்கு 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா வைத்திருக்கும் வரம்பு உலக வழிகாட்டு அளவில் பத்தில் ஒன்று என்பது உண்மை, ஆனால் அது ஊரில் நடமாடுபவர்களுக்கான கணக்கு. ஆன்டெனாவுக்கு முகம் கொடுத்து நிற்பவருக்கு அல்ல. இடிச் சத்தம் காதில் விழுந்தால் பாதி முடுக்கிய போல்ட்டை அப்படியே விட்டு இறங்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் ஏறக் கூடாது.

இந்தப் பட்டையும் வெள்ளிப் பையும் விரிப்பும் விலை உயர்ந்தவை அல்ல. பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறை. இருந்தும் ஒப்பந்த வேலையில் 'எத்தனை டவர் முடிந்தது' என்பதற்குத்தான் கூலி, எப்படி முடிந்தது என்பதற்கு இல்லை. எட்டு மாதம் கழித்துப் பூக்கும் பூசணத்துக்கு யார் கணக்கிலும் பற்று எழுதப்படுவதில்லை. ஏறுகிறவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. வேலை ஒப்படைக்கும் அதிகாரிகள் ஒப்படைப்புப் படிவத்தில் மூன்று வரி சேர்க்கட்டும்: பட்டை சோதிக்கப்பட்டதா, உறை எங்கே பிரிக்கப்பட்டது, எர்த் அளவு எந்த மாதம் எடுத்தது. கல்வராயனில் ஏறும் தம்பிகளே, கருவிப் பையில் ஸ்பேனருக்கு முன்னால் கைப்பட்டையை வையுங்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.